அம்மிணி, பிரிண்டரைக் கடைசியாத் தொடு

அம்மிணி, நீ பெரிய ஆளாயிட்டே. அப்புச்சிக்குத்தான் தெரியாமப் போச்சு. கழுத்துல லிட்டில் கைட்ஸ் அட்டை, மடியில லேப்டாப், வாயைத் தொறந்தா பிளெண்டர், மெஷ், எக்ஸ்ட்ரூடு. "அப்பா, புள்ளை முப்பரிமாணம் படிச்சுட்டு இருக்கறா, வேலை வெக்காதீங்க"ன்னு உன்ற அம்மா உத்தரவு போட்டுட்டா. சரிங்கம்மான்னு நானும் கூப்பிடலே. தண்ணி காட்ட ஆளில்லாம மாடு மட்டும் ஒரே பரிமாணத்துல கத்திட்டு நிக்குது.

இப்பப் புதுசா ஒண்ணு சொல்றே. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தோட பரிமாற்றம் வரப்போகுதாம். அங்கத்த புள்ளைக ஒரு சாமானை வரைஞ்சு அனுப்பும், இங்க நீங்க முப்பரிமாணப் பிரிண்டர்ல அச்சடிப்பீங்க. நீங்க வரைஞ்சு அனுப்புனா அங்க அச்சடிப்பாங்க. கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம், சாமான் போய்ச் சேந்துருமாம். நடக்காத காரியம்னு நான் சொல்ல மாட்டேன். 2018 ஜனவரியில கேரள சர்க்காரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் மன்றம்னு லிட்டில் கைட்ஸைத் தொடங்குனப்ப இந்தக் கொழிஞ்சாம்பாறையில யாரு நம்புனா? இன்னைக்கு ரெண்டாயிரத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல இருக்குது. 2022 டிசம்பர்ல 9,000 ரோபோட்டிக் கிட்டு குடுத்தாங்க. சிக்னல் வெளக்கு, கண்ணு தெரியாதவங்களுக்குக் கைத்தடின்னு புள்ளைக என்னென்னமோ செஞ்சு காட்டுச்சுக. அதே வருஷம் அக்டோபர்ல முதலமைச்சர் பின்லாந்து போயிட்டு வந்தாரு. பின்னாலயே அவங்க ஆளுக இங்க வந்து உங்களைப் பாத்துட்டுப் பாராட்டிட்டுப் போனாங்க. அதனால ஒரு நாளைக்குப் பின்லாந்துப் புள்ளை ஒண்ணு உன்ற திரைக்குள்ள வந்து கையாட்டத்தான் போகுது. அப்ப நீ என்ன குடுப்பே? அதுதான் என்ற கவலை.

பரிமாற்றத்தைப் பத்திச் சித்தூர் தாலுக்காக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லே. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் இருக்குதே, 1970ல கையெழுத்துப் போட்டு, 1958லிருந்தே நடப்புக்கு வந்ததாக் கணக்கு வெச்சாங்க. மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி நமக்கு வந்து சேரணும். அந்த ஏழை விடு, பின்னால நிக்கற அந்தக் கால் டி.எம்.சி.க்குக்கூட நாங்க எவனுக்கும் விட்டுக் குடுத்ததில்லே. இப்படி அளந்து வாங்கற ஊர்ல பொறந்துட்டு, வெளிநாட்டுக்காரன் அனுப்பற ஃபைலை நீ கண்ணை மூடிட்டு வாங்கப் போறியா? அவன் ஒண்ணு குடுத்தா நீ ஒண்ணு குடுக்கணும். வாங்கிட்டே இருக்கறதுன்னா நிவாரண வரிசையில நின்னாப் போதும், லேப்டாப் எதுக்கு?

மிஷினைப் பாத்து நான் பயந்துக்கலே. நீ வீடியோ காட்டுனப்பவே சொன்னேன், இது உன்ற அம்மாயி புழியற முறுக்கு உழக்குத்தான். மாவுக்குப் பதிலா 1.75 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பி, எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலா 200 டிகிரியில காயற ஒரு மூக்கு. அம்மாயி ஒரே சுத்துல முடிச்சுப்போடுவா. இது 0.2 மில்லிமீட்டர் கனத்துல அடுக்கு மேல அடுக்கு வெச்சு, ஒரு விரல் உசரம் வளர்றதுக்குள்ள 300 அடுக்கு ஆயிருது. மத்தியானம் வெச்சா பொழுது சாயற வரைக்கும் ஓடுது. நடுவுல கரண்டு போனா? அதை அந்த வீடியோக்காரன் சொல்லவே இல்லே. அவன் ஊர்ல கரண்டு போறதில்லையாட்ட இருக்குது.

இது வந்த கதை மட்டும் எனக்குப் புடிச்சிருக்குது. அமெரிக்காவுல ஸ்காட் கிரம்ப்னு ஒருத்தரு, 1988ல மகளுக்குத் தவளைப் பொம்மை செய்யப் போறேன்னு உக்காந்தாரு. பசை ஒட்டற துப்பாக்கியில பிளாஸ்டிக்கையும் மெழுகையும் கலந்து ஊத்தி, அடுக்கடுக்கா வெச்சாரு. அடுத்த வருஷம் அதுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டாரு. அந்த உரிமை 2009ல முடிஞ்சுது. அதுக்கு முன்னாலயே, 2005ல, இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்து வாத்தியார் ஏட்ரியன் போயர், தன்ற பாகத்தைத் தானே அச்சடிச்சுக்கற மிஷினுக்கு ரெப்ராப்னு பேரு வெச்சு, வரைபடத்தை ஊருக்கே எடுத்துக்கோன்னு விட்டுட்டாரு. கம்பெனிக்காரன் மட்டும் வாங்குன சாமான் பள்ளிக்கூடத்து மேசைக்கு எறங்குன வழி இதுதான். மகளுக்குப் பொம்மை செய்ய ஆசைப்பட்ட அப்பன் ஒருத்தரு, தெரிஞ்சதை ஒளிச்சு வெக்காத வாத்தியார் ஒருத்தரு. உன்ற அப்பன் உனக்கு வாங்கிக் குடுத்தது செல்ஃபோன் கவரு. சரி, அவனைச் சொல்லி என்ன பண்றது.

அப்படி எறங்கி வந்த மிஷின்ல நம்மாளுக என்ன அச்சடிக்கறாங்க? ஒரு பள்ளிக்கூடத்துல சரஸ்வதி பூசையன்னைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, துணி போட்டு மூடி, மாலை போட்டிருக்கறாங்க. எந்தப் பள்ளிக்கூடம், யாரு குடுத்த மிஷின்னு கேக்காதே, வாத்தியார் என்ற சினேகிதன். துணி போடாத பள்ளிக்கூடத்துல எல்லாம் சாவிக்கொத்து. அதுவும் ஈஃபிள் கோபுரம். வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டாதவன் இடுப்புல பாரீஸ் தொங்குது. உன்ற மாமன் அதுல ஒண்ணைக் காருக்குள்ள கண்ணாடி ஓரமா வெச்சுட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனான். சாயங்காலம் வந்து பாத்தா, கோபுரம் குனிஞ்சு கும்பிட்டுட்டு நிக்குது.

அது ஏன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா? பள்ளிக்கூடத்துல நீங்க போடற கம்பி பிஎல்ஏ. மக்காச்சோள மாவுலயும் கரும்புலயும் செய்யறது. நல்ல சாமான்தான், நாத்தம் இல்லே, புள்ளைக கையில குடுக்கலாம். ஆனா 60 டிகிரி வந்துட்டா தளந்து போயிரும். நம்ம பாலக்காட்டுல 2016 ஏப்ரல்ல நிழல்லயே 41.9 டிகிரி அடிச்சுது. வெயில்ல நிக்கற காருக்குள்ள என்ன இருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. பின்லாந்துப் புள்ளை வரைஞ்சு அனுப்பற கொக்கி அவங்க ஊர்ல பத்து வருஷம் நிக்கும்; நம்ம தகரக் கொட்டாயில மாட்டுனா மாசி தாண்டாது. ஃபைல் ஒண்ணுதான், ஊரு வேற. தோட்டத்துச் சாமானுக்குப் பீஇடிஜி கம்பி கேளு, அது 80 டிகிரி வரைக்கும் தாக்குப் புடிக்கும்.

இங்க வெயிலுன்னா இடுக்கிப் பக்கம் மழை. மூணாத்துல ஆடி மாசம் கம்பியைத் தொறந்து வெச்சா, காத்துல இருக்கற ஈரத்தை எல்லாம் குடிச்சுட்டு, மூக்குல போறப்ப சடசடன்னு வெடிக்கும். சாமான் மேல நூல் நூலா ஒழுகும். மிஷின் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்கு ஃபோன் போடுவாங்க. கெட்டது மிஷின் இல்லே. கம்பியை மூடி போட்ட டப்பாவுல, அந்தச் சின்னச் சின்ன சிலிக்கா பொட்டலத்தோட வெச்சாப் போதும். புதுச் செருப்புப் பெட்டிக்குள்ள வருமே, அதுதான். உன்ற அம்மா அதையெல்லாம் குப்பையில போடறா, எடுத்து வெச்சுக்கோ.

இப்ப உன்ற கதைக்கு வா. தென்னந்தோப்புல சொட்டுநீர்க் குழாய் முனையில மாட்டுன மூடியை அணில் கடிச்சுப்போடுச்சு. கடைக்குப் போனா கொஞ்சம் காசுல கெடைக்கும். இருந்தாலும் நீ அச்சடிச்சுத் தரேன்னே. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. குழாய் 16 மில்லிமீட்டர், நீயும் 16 மில்லிமீட்டர்லயே ஓட்டை வரைஞ்சே. கொண்டாந்து மாட்டிப் பாத்தா ஏறவே மாட்டேங்குது. நீ மொறைச்சது மூடியையா அப்புச்சியையான்னு தெரியலே. அம்மிணி, அச்சுல ஓட்டை எப்பவும் கொஞ்சம் சுருங்கித்தான் வரும். சூட்டுல எறங்குன பிளாஸ்டிக் உள்பக்கமா வழிஞ்சுக்கும். அதுக்கு 0.3 மில்லிமீட்டர் விட்டிருக்கணும். ஆசாரி கணக்குல சொல்றேன்: ஒரு இஞ்சுக்கு எட்டு நூலு, ஒரு நூலு மூணு மில்லிமீட்டர் சில்லறை. அந்த நூலுல பத்துல ஒரு பங்கு, அவ்வளவுதான் உனக்கும் குழாய்க்கும் நடுவுல நின்ன வம்பு. நம்ம ஊரு ஆசாரி நெலவு வெக்கறப்ப மழைக்கு மரம் ஊதும்னு கதவுக்கு எத்தனை எடம் விடறான்னு போய்ப் பாரு. அவன் வெர்னியரைக் கண்டதில்லே. உன்ற வாத்தியார் சொல்ற டாலரன்ஸ் அவன் கைக்குள்ள இருக்குது. காலிப்பர் ஒண்ணு வாங்கித் தரேன், பிரிண்டரைத் தொடறதுக்கு முன்னால அதைத் தொட்டுப் பழகு.

பரிமாற்றம்னா எப்படி இருக்கணும்னு கேளு. தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல ரிச்சர்ட் வான் ஆஸ்னு ஒரு மரவேலைக்காரரு. 2011ல ரம்பத்துல விரல் போயிருச்சு. செயற்கை விரல் வெலை கேட்டா தலை சுத்துது. இன்டர்நெட்டுல துழாவி, அமெரிக்காவுல பெரிய எந்திரக் கை செஞ்ச ஐவன் ஓவனைப் புடிச்சாரு. ஒருத்தரு ஒரு கண்டம், இன்னொருத்தரு இன்னொரு கண்டம். மின்னஞ்சல்லயும் ஸ்கைப்லயும் பேசிப் பேசி வேலை செஞ்சாங்க. அப்பறம் பிறவியிலயே விரல் இல்லாத ஒரு சின்னப் பையனுக்குக் கை செஞ்சாங்க. மேக்கர்பாட் கம்பெனி ஆளுக்கு ஒரு பிரிண்டர் சும்மா குடுத்துது. அதுக்கப்பறம் ஒருத்தரு மாத்துனா இன்னொருத்தரு அன்னைக்கே அச்சடிச்சுப் பாத்துக்கலாம். 2013ல அந்த வரைபடத்தை ஊருக்கே பொதுவாப் போட்டுட்டாங்க; இன்னைக்கு எத்தனையோ நாட்டுல பள்ளிக்கூடப் புள்ளைக அதை அச்சடிச்சுக் குடுக்குதுக. இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. மொதல்ல கேட்டது கையில வலி இருந்தவரு. என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துது. நம்ம கண்ணூர்ல தென்னை ஏற மிஷின் செஞ்ச செம்பேரி ஜோசப்பும் அப்படித்தான், மரம் ஏற ஆள் கெடைக்காத ஊர்ல இருந்து வந்தவரு. சாவிக்கொத்து யாரும் கேட்டு வந்ததில்லே.

இன்னொண்ணையும் அந்தப் பின்லாந்துப் புள்ளைகிட்ட வெசாரிச்சுப் பாரு. கம்ப்யூட்டருக்குப் பேரு போன அந்த ஊர்ல, 1866லிருந்தே பள்ளிக்கூடத்துல கைத்தொழில் கட்டாயப் பாடம். மரம் அறுக்கறது, துணி தைக்கறது, எல்லாம் இன்னைக்கும் புள்ளைக செய்யுதுக. நம்ம ஊர்ல உளியைத் தொட்டா, "ஆசாரி வேலைக்கா போகப் போறே?"ன்னு கேக்கறோம். மவுஸைத் தொட்டா இஞ்சினியரு. அந்த ஊர்க்காரன் உளி புடிச்ச கையோட மவுஸைப் புடிக்கறான், அதனாலதான் அவன் வரைஞ்சது மாட்டுனா ஏறுது.

நீயும் சும்மா இருக்கலேன்னு எனக்குத் தெரியும். மறையூர்ல வாக்கப்பட்ட என்ற தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப, சர்க்கரை உருண்டைக்கு அச்சு அடிச்சுத் தரேன்னு சொன்னியாமா. அவ ஃபோன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. அம்மிணி, காய்ச்சுன பாகை மரத்தொட்டியில ஊத்தி, கிண்டி, சூடு தணியறதுக்குள்ள கையாலயே உருண்டை புடிக்கறாங்க. அந்தச் சூட்டுல உன்ற பிஎல்ஏ அச்சு தளந்து போயிரும். தளரலேன்னாலும் அடுக்குக்கு அடுக்கு நடுவுல இருக்கற சந்துல பாகு போய் உக்காந்தா, எத்தனை கழுவுனாலும் போகாது. எறும்பு குடித்தனம் வந்துரும், கிருமியும் கூடவே வரும். 2019ல அந்தச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது. உருண்டை மேல புடிச்சவங்க விரல் தடம் இருக்குமே, வாங்கறவன் அதைப் பாத்துத்தான் வாங்கறான். அச்சுல அடிச்சு எல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு வந்தா எவன் நம்புவான்?

அதுக்குப் பதிலா அந்த உருண்டையைச் சுத்தி நாலாபக்கமும் செல்ஃபோன்ல படம் எடு. படத்தை எல்லாம் சேத்து முப்பரிமாணமாக்கற சாஃப்ட்வேர் இருக்குதுன்னு நீதானே சொன்னே? அந்த ஃபைலைப் பின்லாந்துக்கு அனுப்பு. என்ற தங்கச்சியோட அஞ்சு விரலும் அங்க அச்சாகட்டும். தித்திப்பு வேணும்னா டிக்கெட் எடுத்துட்டு மறையூருக்கு வரட்டும். அது சிரமமா இருந்தா முனியறைன்னு அந்தக் காலத்துக் கல்லறை இருக்குது. சுத்தி நாலு பலகைக் கல்லு, மேல மூட ஒண்ணு. ஆயிரக்கணக்கான வருஷமா மறையூர்ப் பாறை மேல நிக்குது. உன்ற பிளெண்டர்ல அஞ்சு பெட்டி போட்டா முடிஞ்சுது, ஆனா கல்லுக்குக் கல்லு கனம் வேற, சாய்வு வேற. போய் டேப்பு வெச்சு அளந்துட்டு வந்து வரையணும். ஈஃபிள் கோபுரத்துக்குப் பதில் மரியாதை அதுதான்.

அப்பறம் அந்தப் புள்ளை திரையில வந்ததும், வீட்டுல எத்தனை பேரு, என்ன சாப்பாடுன்னு கேட்டுட்டு, பனி வாரற சவுலுக்குப் புடி எத்தனை மில்லிமீட்டர் கனம்னு வெசாரி. குளுருக்குக் கையுறை போட்டுட்டுப் புடிக்கறது, தடியாத்தான் இருக்கும். அளவை எழுதி வாங்கி வெச்சுக்கோ. நம்ம மம்முட்டிப் புடிக்கு அந்தக் கனத்துல ஒரு உறை வேணும், என்ற விரலு இப்பெல்லாம் முழுசா மடங்க மாட்டேங்குது. பீஇடிஜியில அடி, வெயில்ல கெடக்கற சாமான். உள்ஓட்டைக்கு 0.3 விட மறந்துடாதே.