எதுக்கு எது சோடி

தம்பி, அந்தத் தடிப் புத்தகத்தை மூடி வை. மூயெட் இங்கிலீஷ் பரீட்சைக்கு ராத்திரி பூரா ஒத்தை ஒத்தைச் சொல்லா உருப்போடுறியாம், உங்கம்மா பெருமையாச் சொன்னா. ஒத்தையாக் கூப்பிட்டா இங்கிலீஷ் சொல்லு வாசப்படி தாண்டாதுடா. சோடியோடதான் வரும்.

பிரிக்பீல்ட்ஸ்ல சாயங்காலம் மழை கொட்டுதே, அது நமக்குப் பேய்மழை. மலாய்க்காரருக்கு ‘ஹூஜான் லெபாட்’. வெள்ளைக்காரனுக்கு ‘ஹெவி ரெயின்’. அந்த மழையோடயே வர்ற காத்து மட்டும் ‘ஸ்ட்ராங் விண்ட்’. மழைக்குக் கனம், காத்துக்குப் பலம், ஏன்னு கேக்காத. மழையில தண்ணி இருக்கு, அதனால கனம்னு நியாயம் பேசுவ நீ. அப்ப ‘ஹெவி டிராஃபிக்’? ஃபெடரல் ஹைவேல நிக்கிற காரையெல்லாம் தராசுல வச்சா பாத்தான்? தேத்தண்ணி ‘ஸ்ட்ராங்’, எஞ்சின் ‘பவர்ஃபுல்’. மாத்திச் சொன்னா இலக்கணம் ஒண்ணும் சாகாது. நாசி லெமாக்ல சம்பலுக்குப் பதிலா ரசத்தை ஊத்திக்கிட்டா யாரும் போலீசைக் கூப்பிட மாட்டாங்க, கடைக்காரன் ஒரு பார்வை பாப்பான். அந்தப் பார்வைக்குத்தான் பரீட்சையில மார்க்கு குறையுது.

இந்தச் சோடியெல்லாம் சேத்து வச்சது லண்டன்ல இல்ல, தோக்கியோவுல. ஹெரால்ட் பாமர்னு ஒரு தொரை, ஜப்பான்காரப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எப்படி நடத்தணும்னு ஆலோசனை சொல்லப் போன இடத்துல, 1933ல இதுக்குன்னே ஒரு அறிக்கை போட்டாரு. சொந்த வீட்டுக்காரனுக்கு எதுக்குப் பட்டியல்? நம்மளை மாதிரி விருந்தாளிதானே தடுமாறுறோம். லாகூர்ல வாத்தியாரா இருந்த ஃபெர்த்துன்னு இன்னொருத்தரு, ஒரு சொல்லோட குணம் தெரியணும்னா அது யாரோட சேருதுன்னு பாருன்னாரு. உங்கப்பனைப் பத்தி உங்க பாட்டி அதையேதான் சொன்னா. அவளுக்கு யாரும் புரொபசர் பட்டம் குடுக்கல.

நம்ம தமிழ்ல இந்தச் சோடி விசயம் இல்லன்னு நெனைச்சிராத. பல வேலையைக் காட்டுற பொதுச்சொல்லுக்கு ஒத்தை வினையைப் போட்டு முடிக்காதேன்னு தொல்காப்பியம் கிளவியாக்கத்துலயே இருக்கு. ‘இயம்’னா எல்லா வாத்தியமும் அடக்கம். அதைக் கொட்டினான்னாலும் தப்பு, ஊதினான்னாலும் தப்புன்னு உரைகாரங்க காட்டுவாங்க. ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில்ல நாயனம் ஊதுவாங்க, தவில் அடிப்பாங்க. வெள்ளைக்காரன் ரெண்டையும் ‘ப்ளே’ பண்ணிருவான். பந்தையும் அதே ‘ப்ளே’. சிக்கனக்காரன்!

நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப விடிகாலையில பிரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் ‘மரம் வெட்டப் போறோம்’னுதான் சொல்லுவோம். ஒரு மரமும் சாயாது, மங்குக் கிண்ணத்துல பால்தான் வடியும். தமிழ்நாட்டுல இருந்து புதுசா வந்தவன் கேட்டா கோடாலி எங்கேன்னு தேடுவான். அவன் தமிழும் தப்பில்ல, எங்க தமிழும் தப்பில்ல.

நம்ம ஊரு இங்கிலீஷும் அந்த வகைதான். மலாய்ல ‘புக்கா லம்பு’ன்னு விளக்கைத் தொறந்து பழகினவன் ‘ஓப்பன் த லைட்’ன்னுதான் சொல்லுவான். ஹைவேல முந்தறதுக்கு மலாய்ல ‘பொத்தோங்’, அதனால ‘ஹி கட் மை கார்’. கிள்ளான்ல இதைச் சொல்லு, எதிர்ல நிக்கிறவன் ‘ஐயோ பாவம், என்ன நம்பர் வண்டி?’ம்பான். லண்டன்ல சொன்னா எந்த ரம்பத்தாலன்னு கேப்பான். ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்க. பரீட்சைத் தாள்ல மட்டும் விளக்கு ‘டர்ன் ஆன்’ ஆகணும், கார் ‘ஓவர்டேக்’ பண்ணணும்.

அப்புறம் இந்த ‘மேக்’, ‘டூ’ ரெண்டும் உன்னைப் படுத்தும். நமக்கு ரெண்டுக்கும் ‘பண்ணு’தான். வீட்டுப்பாடத்தை ‘டூ’, முடிவை ‘மேக்’. தப்பையும் ‘மேக்’குதான் பண்ணுறான், ஏதோ ஃபேக்டரி வச்சுத் தயாரிக்கிற மாதிரி. உன் போன வருச ரிப்போர்ட்டைப் பாத்தா அது சரியான சொல்லுன்னுதான் எனக்கும் படுது.

சரி, எழுந்திரு. மாமாக் கடையில ரெண்டு தே தாரேக் வாங்கிட்டு வா. ‘காவ்’வா, அதான் நல்லா கெட்டியா இருக்கணும், சீனி கம்மி. படிச்ச வேகத்துல அங்க போயி ‘ஸ்ட்ராங் டீ, ப்ளீஸ்’னு நிக்காத, ஒன்னைச் சுற்றுப்பயணின்னு நெனைச்சு ஒரு வெள்ளி ஏத்திருவான்.