பேத்தியின் கலெக்‌ஷனுக்குத் தாத்தாவின் செய்கூலி

வா கண்ணு, குந்து. பன்னெண்டு நகையாம், எல்லாம் ஒரே குடும்பமாம், ‘கோபுரம்’னு பேரு வேற வெச்சிருக்கியாம். உங்கப்பன் சொன்னான். கம்ப்யூட்டர்ல நீ ஜிமிக்கியைச் சுத்திச் சுத்திக் காட்டினதுல சோத்தையே மறந்துட்டானாம். ஓரகடத்துல நாள் பூரா கார் கதவு மாட்டறவனுக்குச் சின்னதா எதைக் காட்டினாலும் அதிசயம்தான். நான் ஊதுகுழல் புடிச்சவன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு, அதோட முதுகை ஏன் காட்டல?

இருக்கட்டும். கருத்து எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, போன்ல படம் தள்ளித் தள்ளிப் பாத்தேங்கிறே. பாரு, தப்பில்ல. ஆனா எதிர்க்கடைக்காரனும் அதே படத்தைத்தான் தள்ளிகினு இருக்கான். நம்ம ஊரு மகானைக் கேக்கலாம்னா, 1017-ல பொறந்த ராமானுசரு காவியோட திருப்திப்பட்டவரு. அவருக்கு ஏழு வருசம் முன்ன, 1010 வாக்குல, தஞ்சாவூர்ல பெரிய கோயிலைக் கட்டி முடிச்சான் பாரு ராஜராஜன், அவன் கணக்கப்பிள்ளைங்களைப் போய்க் கேளு. சாமிக்குக் குடுத்த நகையை ஒண்ணு ஒண்ணா கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. பொன்னு இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றின்னு. எடை போட்ட கல்லுக்கே ‘ஆடவல்லான்’னு சாமி பேரு. முத்துன்னா சும்மா முத்துன்னு எழுதல. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்துன்னு ரகம் பிரிச்சான். வைரத்துல விரிசல் இருந்தா விரிசல்னு போட்டான். உள்ள அடைச்ச அரக்கைக்கூட கணக்குல காட்டினான். கல்லையும் தங்க விலைக்கே நிறுத்துத் தள்ற புண்ணியவானுங்க அந்தச் சுவத்துப் பக்கமே போவாதது நல்லதுதான், காச்சல் வந்துரும்.

கோயில் நகை மாதிரி பண்ணணும்னா நாகர்கோவில் பக்கம் வடசேரிக்கு ஒரு நடை போ. அவங்க வேலைக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. செவப்புக் கெம்பை ஒருத்தர் உக்காத்தி வைக்கறதைக் கிட்டக்கப் பாரு. தகட்டுல குழி, குழியில அரக்கு, அதுமேல கல்லு, அப்பால சுத்திவர தகட்டை அழுத்தி அழுத்தி விளிம்பைக் கவிழ்ப்பாரு. பேச்சுக் குடுக்காதே, அந்த நேரத்துல மூச்சுகூட அளந்துதான் விடுவாங்க.

சரி, யாரு போட்டுக்கப் போறாங்க? ‘மாடர்ன் உமன்’னு எழுதி வெச்சிருக்கே. அவ எந்தத் தெருவுல இருக்கா? சாயங்காலம் சுங்குவார்சத்திரத்துல நின்னு பாரு. பஸ்ஸு பஸ்ஸா பொண்ணுங்க ஷிப்டுக்குப் போவுதுங்க. எத்தனையோ கம்பெனியில மோதிரம், வளையலு, சங்கிலி எதுவும் உள்ள போவக்கூடாது. பெயிண்டுல கீறல் விழும், மிஷின்ல மாட்டும், கரண்டு வம்பு. 2024-ல கல்யாணமான பொண்ணுங்களை எடுக்கறதில்ல, தாலியும் மெட்டியும் ஒரு காரணம்னு செய்தி வந்து, தில்லியிலிருந்து மாநிலத்துகிட்ட அறிக்கையே கேட்டாங்களே! பொழுதுக்கும் கழட்டிப் போடற கம்மலுக்குத் திருகாணிதானே முதல்ல தேயும்? உன் பன்னெண்டுல எதுக்காச்சும் நீ திருகாணி வரைஞ்சியா? மயிலு தோகைக்கு மூணு நாளு, மரைக்கு மூணு நிமிசம்கூட இல்ல.

அந்தக் காலத்துக்காரிங்க ஒண்ணும் ஏமாளி இல்ல. ஜிமிக்கி கனத்துல காது அறுந்துடும்னு மாட்டல் போட்டாங்க. பாரத்தைக் காதுலருந்து எடுத்துத் தலைமயிருல கட்டற சங்கிலி அது. நீ அதை ‘அலங்காரம்’னு எழுதிட்டு, கொக்கியை ஒல்லியாக்கி, ஜிமிக்கியைக் கனமாக்கிட்டே. ஒரு பவுன், அதாவது 8 கிராம், ஒத்தைக் காதுல தொங்கவுட்டு நீ ஒரு நாளு வேலை செய், அப்பால பேசலாம்.

அடுத்தது வார்ப்பு. திரையில வரைஞ்சதை மெழுகுல எடுத்து, மெழுகுத் தண்டுல கிளை கிளையா ஒட்டி, சாந்து ஊத்தி, உலையில வெச்சா மெழுகு ஓடிப்போயி அந்தப் பள்ளத்துல தங்கம் பாயும். புதுசுன்னு நெனைக்காதே. சுவாமிமலையில காவேரி வண்டலைப் பூசி இன்னமும் இப்படித்தான் சாமி வார்க்கறாங்க. ஆறும்போது தங்கம் சுருங்கும். அரம் கொஞ்சம் தின்னும், பாலிஷ் இன்னும் கொஞ்சம். அதனால முதல்லயே கொஞ்சம் பெருசா வரையணும். உன் மயிலுக்கு இருக்கற மூக்கு திரையோட சரி, கைக்கு வரும்போது மொண்ணைக் கோழிதான். பத்தர் தாய்ப்பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான்னு எங்களை ஊரே பேசிச்சு. இப்ப அதையே சேதாரம்னு பில்லுல போட்டு, மேல மூணு சதவீதம் ஜி.எஸ்.டி.யும் வாங்கறாங்க, மரியாதையா வணக்கமும் சொல்றாங்க.

தங்கம் தொடறதுக்கு முன்ன செம்புலயோ வெள்ளியிலயோ ஒண்ணு பண்ணிப் பாரு. கார்க்காரனே முழு வண்டியைக் களிமண்ணுல புடிச்சுப் பாத்துட்டுத்தான் இரும்பைத் தொடறான், நீ என்ன அவனுக்கும் மேலயா?

காரட்டா? சிரிப்பு வருது. 1963-ல மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாதுன்னு போட்ட உத்தரவுல எங்கப்பன் பட்டறை அடுப்பு அணைஞ்சுது. நாடு முழுக்கப் பத்தருங்க தெருவுக்கு வந்தாங்க, செத்தவங்களும் உண்டு. தங்கக் கட்டுப்பாட்டை முழுசா எடுக்கவே 1990 ஆச்சு. இப்ப நீ அதே 14 காரட்டை ‘லைட்வெயிட்’னு ஆசையா விக்கறே. 2025-ல 9 காரட்டுக்கும் முத்திரை வந்துடுச்சாம். எங்கப்பன் இருந்திருந்தா அதைத் தொட்டுப் பாத்துட்டுக் கையைக் கழுவியிருப்பாரு. ஆனா உன் வைரத்துக்கு 18 காரட்டு சரிதான், அதை ஒத்துக்கறேன். 22 மெத்துனு இருக்கும், கல்லைக் கவ்வற பல்லு சீக்கிரம் தளரும்.

முத்திரைன்னதும் ஞாபகம். 2023 ஏப்ரல் 1-லருந்து ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி.ங்கிற அடையாளக் குறி இல்லாம கடையில விக்க முடியாது. 2 கிராமுக்குள்ள இருந்தா விலக்கு. மத்ததுல அதை லேசர்ல பொறிக்க ஒரு சமதளம் வேணும். எங்கே? முதுகுலதான். அதுக்குத்தான் அப்பவே கேட்டேன்.

பன்னெண்டைப் போட்டு ஓட்டாதே. நாலு பண்ணு. முதல் ஜோடியை உங்கம்மாகிட்டக் காட்டாதே, அவ பெத்தவ, அழகுன்னுதான் சொல்லுவா. எதிர்வீட்டு அத்தைகிட்டக் குடு. வாங்கவும் மாட்டா, விடவும் மாட்டா. எங்க குத்துது, எங்க முடி சிக்குது, எந்தக் கல்லு ஆடுதுன்னு ரெண்டு நாள்ல தெருவுக்கே சொல்லிடுவா. எனக்குச் செய்கூலி? ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும். சேதாரம் தனி.