12 வோல்ட் பைத்தியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பம்ப்செட் மோட்டார்களோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்: இந்த ஊரில் நானும் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். என் மோட்டார் சட்டைப்பைக்குள் அடங்கும், அவ்வளவுதான்.

ஸ்லாட் கார் என்று ஒரு பந்தயம். பாதையில் ஒரு பள்ளக்கோடு, இருபுறமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. காரின் அடியிலுள்ள செப்புப் பின்னல்கள் அதிலிருந்து 12 வோல்ட்டை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஸ்டியரிங் கிடையாது. வளைவு வரும்போது கன்ட்ரோலரிலிருந்து கட்டைவிரலைத் தூக்குவது ஒன்றுதான் ஓட்டுபவனுக்கு வேலை. அறுபது வயது கடந்தவர்களுக்கும் அந்த ஒன்றுதான் கைவரவில்லை. புதுக் கார்களை அடியில் இருக்கும் காந்தம் பாதையோடு இழுத்துப் பிடிக்கும். நாங்கள் ஓட்டும் பழையவற்றில் அந்தத் தயவு இல்லை. பறந்துபோய்ச் சுவரில் மோதும்.

ஓட்டி முடித்ததும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். அடுத்த சுற்றில் வளைவில் நின்று, கவிழும் மற்றவர் கார்களை எடுத்துக் கோட்டில் வைக்க வேண்டும். பந்தயத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி நேரம் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். கார் கவிழ்ந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் அவரிடம் கேட்கிறேன். இங்கிலாந்து அல்லவா!

நாங்கள் ஓட்டும் பழைய கார்களின் பிறப்பிடம் எங்கள் போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஹேவன்ட். அங்கே மினிமாடல்ஸ் கம்பெனி நடத்திய ஃப்ரெட் ஃபிரான்சிஸ், சுருள்வில் விசையில் ஓடும் தன் தகரக் கார்களில் மின்மோட்டாரை வைத்து, 1957-ல் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்று விற்பனைக்கு விட்டார். கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியாமல் மறு வருடமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு விற்றுவிட்டார். 1960-ல் பிளாஸ்டிக் கார் வந்தது. என்னிடம் இருப்பது அந்தக் காலத்து வான்வால் பந்தயக் கார்.

அதன் டயர் ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது. வின்டர்கிரீன் எண்ணெயில் ஊறவைத்தால் இளகும், மறந்துவிட்டால் ஊதிப்போகும். வீடு முழுக்கக் கோடாலித் தைல வாடை. யாருக்கு மூட்டுவலி என்று என் மனைவி கேட்டாள். டயர் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை.

இங்கே இரண்டு கட்சி உண்டு. அட்டைப்பெட்டியோடு அலமாரியில் பூட்டிவைக்கிற கட்சி, ஓட்டித் தேய்க்கிற கட்சி. பெட்டிக்காரர்களுக்குத்தான் காசு. எனக்கென்னவோ, ஓடாத காரை வைத்துக்கொள்வதற்குப் பதில் அதன் படத்தை மாட்டிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஒரு உதவி வேண்டும் அண்ணா. வான்வால் மோட்டாரின் கம்பிச் சுருள் அறுந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பரிடம் ஆர்மேச்சரைக் கொடுத்து விடுகிறேன். அதில் மூன்று துருவங்கள், மூன்றிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் உதறும். பட்டறையில் யாராவது இது எத்தனை ஹெச்.பி. என்று கேட்டால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தம்பி