பாட்டிலுக்குச் சட்டை தைத்தவர்கள்

கூல்டிரிங்ஸ் டின்னில் பெரிய ஓவியர்கள் படம் போட்டால் ருசி கூடுமா? (திண்டுக்கல்)

கூடாது. ஆனால் கடையில் கை அந்தப் பக்கம் நீளும். கம்பெனிக்கு அது போதும்.

இந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார்? (தஞ்சாவூர்)

திராட்சை மதுக்காரர்கள். பிரான்ஸின் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் 1945-இலிருந்து ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரிடம் லேபிள் வாங்கி ஒட்டுகிறது. 1958-இல் டாலி, 1975-இல் ஆண்டி வார்ஹோல். கூலி பணமாக அல்ல, மதுவாகவே!

குளிர்பானத்தில் முதல் வேலையைச் செய்தவர் ஓவியரே இல்லை. 1886-இல் அட்லாண்டாவில் கோகோ கோலா என்று பெயரிட்டு, அதைச் சாய்வெழுத்தில் எழுதியும் கொடுத்த ஃபிராங்க் ராபின்சன் அந்தக் கம்பெனியின் கணக்கர். அக்காலக் கணக்கர்கள் பழகிய ஸ்பென்சர் பாணி எழுத்து அது. பேரேட்டில் உட்கார வேண்டிய சுழி உலகமெங்கும் சுவரேறிவிட்டது!

பிறகு 1915. இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் நம் பாட்டில்தான் என்று தெரிய வேண்டும் என்றது கம்பெனி. என்ன அழகான நிபந்தனை! இண்டியானா மாநிலத்து டெர்ரே ஹோட் ஊரின் ரூட் கண்ணாடி ஆலையில் எர்ல் டீன் என்பவர் நூலகத்தில் தேடி, கோகோ காயின் படத்தைப் பிடித்துக்கொண்டார். கோக்கில் கோகோ கிடையாது. அதனால் என்ன? காயின் வரியும் புடைப்பும் பாட்டிலுக்கு வந்தன. காப்புரிமையோ மேலாளர் அலெக்சாண்டர் சாமுவேல்சன் பெயரில் பதிவானது. வரைந்த டீனின் பெயர் அதில் இல்லை. எனக்கு ஆறவே இல்லை. வரைந்தவர் பெயரைப் போடுங்கள் என்று இந்தப் பகுதியில் நான் கத்துவதை வழக்கமான வாசகர்கள் அறிவார்கள், இன்னும் கத்துவேன்.

கோக்கா, பெப்ஸியா? (நாகர்கோவில்)

மோர்.

வார்ஹோல் கோக் கம்பெனி ஆளா? (புதுச்சேரி)

இல்லை. 1962-இல் பச்சைக் கோக் பாட்டில்களை வரிசை வரிசையாக வரைந்தது அவர் சொந்த விருப்பம். கம்பெனி ஓவியரைத் தேடிப் போகும் வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். ஓவியர் பாட்டிலைத் தேடிப் போனார். பணக்காரரும் ஏழையும் குடிப்பது ஒரே கோக்தான் என்பது அவரைக் கவர்ந்த விஷயம். பின்னால் 1983-இல் பெரியே சோடாவுக்குச் சுவரொட்டி செய்தார். அவர் 1987-இல் மறைந்தும் விடவில்லை: 2013-இல், தன் 150-ஆம் ஆண்டில், பெரியே அவர் பாணியைப் பாட்டிலிலேயே ஏற்றியது.

டெய்லர்களும் பாட்டில் வடிவமைக்கிறார்களாமே? (கரூர்)

ஆமாம், பாரிஸ் டெய்லர்கள்! கோகோ கோலா லைட்டுக்கு 2010-இல் கார்ல் லாகர்ஃபெல்ட் வந்தார். தன் நிழலுருவத்தையே பாட்டிலில் பதித்தார். 2012-இல் ழான் பால் கோல்தியே மாலுமியின் கோடு போட்ட பனியனும் இறுக்கிக் கட்டிய கச்சையும் மாட்டிவிட்டார். என் ஓட்டு கோல்தியேவுக்கு. இடுப்புள்ள பாட்டில் என்பதைப் புரிந்துகொண்டு அளவெடுத்தவர் அவர்தான். உள்ளே இருந்தது சர்க்கரையில்லாத பானம் என்பது மட்டும் என் வருத்தம்.

கோலி சோடாவுக்கு ஓவியர் வேண்டாமா? (விருதுநகர்)

1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற புட்டி அது. தொண்டைக்குள் கோலி உருளும்போது லேபிளை யார் பார்க்கிறார்கள்?

படம் மாற்றி அடி வாங்கியவர்கள் உண்டா? (சேலம்)

உண்டு, பலமாக! 2011 கிறிஸ்துமஸுக்குப் பனிக்கரடிகளைக் காப்பாற்ற நிதி திரட்டும் நல்ல எண்ணத்தில் கோக் தன் சிவப்பு டின்னை அமெரிக்காவில் வெள்ளையாக்கியது. வெள்ளி நிற டயட் கோக் என்று நினைத்துப் பலர் தூக்கிப் போனார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது விளையாட்டல்ல. இன்னும் சிலர் ருசியே மாறிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு மாறவில்லை! திண்டுக்கல் வாசகர் கவனிக்க: படத்தால் கூட்ட முடியாத ருசியை நிறத்தால் கெடுக்க முடிகிறது. சில வாரங்களில் சிவப்பு திரும்பி வந்தது.

2009-இல் டிராபிகானா இதைவிட மோசம். ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் பழத்தை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு ஒரு டம்ளர் சாற்றைப் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பழம் மறுபடி ஏறியது. என் தீர்ப்பு: கண் எதை வைத்து அடையாளம் காண்கிறதோ அதில் கை வைக்காதீர்கள். மிச்ச இடமெல்லாம் ஓவியருக்கே கொடுங்கள்.

இனி கம்ப்யூட்டரே வரைந்துவிடாதா? (சிவகாசி)

வரைந்துவிட்டது. 2014-இல் இஸ்ரேலில் டயட் கோக் டிஜிட்டல் அச்சில் 20 லட்சம் பாட்டில்களை ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இறக்கியது. அதிலும் மூல வடிவங்கள் மனிதர்கள் வரைந்தவை. மென்பொருள் வெட்டி, பெருக்கி, நகர்த்தியது.

ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். குளிர்பான டின்னுக்குப் படம் கேட்கிறார்கள். செய்தால் கலையை விற்றதாகுமா? (கும்பகோணம்)

ஆகாது, தங்கையே. கலைக்கூடத்துக்குள் கால் வைக்காத லட்சம் பேர் கையில் உங்கள் படம் போகும். நல்லபடியாகச் செய்யுங்கள். அலுமினிய டின்னில் பொதுவாக ஆறு முதல் எட்டு நிறம்தான் கிடைக்கும். உருளையாகிவிட்ட டின்னின் மேல், நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் என்ற வேகத்தில், எல்லா மையும் ஈரமாக ஒரே சுற்றில் விழும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குழம்பும் என்பதால் நிறங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்துவார்கள். ஆகவே நீர்வண்ணக் கரைசலை நம்பாதீர்கள். அழுத்தமான கோடும் தட்டையான நிறமும் எடுபடும். ஒரு பார்வைக்குப் பாதிப் படம்கூடத் தெரியாது, எங்கிருந்து பார்த்தாலும் நிற்கும்படி வரையுங்கள்.

பிறகு காகிதம். எத்தனை டின், எத்தனை மாதம், பனியனிலும் பதாகையிலும் போட்டால் தனிக் காசா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். உங்கள் பெயர் டின்னின் மேல், படிக்கக்கூடிய அளவில் வர வேண்டும் என்பதையும் சேருங்கள். எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.