மெதுவா வந்தவனுக்கு மெடலு

வாய்யா பேராண்டி, உக்காரு. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லுலேருந்து இந்தப் பெருமாள்மலை வரைக்கும் ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டே இறங்கி வந்திருக்க. முழங்கைக்கு ஒரு கீறல் இல்ல. ரொம்பச் சந்தோசம். தலை பாட்டுக்குக் காத்து வாங்கட்டும். உள்ள இருக்கிற சரக்குக்கு அவ்வளவு காவல் தேவையில்லன்னு நீயே கணக்குப் போட்டிருப்ப.

என்னமோ போட்டியாமே? உன்னை மாதிரி டெலிவரி பசங்களுக்குப் பத்திரமா வண்டி ஓட்டுற போட்டி வைக்கணும்னு பேச்சு அடிபடுதாம், டீக்கடையில சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஓட்டப் பந்தயம்னா முன்னாடி வந்தவன் ஜெயிப்பான். சேவக்கட்டுன்னா தோத்தது குழம்புல கொதிக்கும். ஒண்ணுமே ஆகாததுக்குப் பரிசுன்னா அதை எப்படிய்யா மேடை போட்டு நடத்துறது? "இவரு நேத்து யாரையும் இடிக்கல, எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க"ன்னு மைக்கைப் பிடிச்சுச் சொல்றதா?

பேத்திதான் போனைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னா, இது வெளிநாட்டுல பழைய சமாச்சாரமாம். அமெரிக்காவுல லாரி டிரைவருங்களுக்கு 1937லேருந்து தேசிய அளவுல போட்டி இருக்கு. ஜப்பான்ல சரக்கு லாரிச் சங்கம் 1969லேருந்து நடத்துது. அமெரிக்கப் போட்டிக்குப் பேரு கொடுக்கணும்னாலே ஒரு வருசம் விபத்தில்லாம ஓட்டியிருக்கணும். வந்தவனை மொதல்ல உக்கார வச்சுப் பரீட்சை எழுதச் சொல்லுவாங்க. அப்புறம் இடுக்குல வண்டியை வளைச்சு, பின்னாடி எடுத்து, கோட்டைத் தொடாம நிறுத்தணும். இதுக்கு நடுவுல ஒரு கூத்து. ஒரு வண்டியில வேணும்னே சில கோளாறை ஒளிச்சு வச்சிருவாங்க. டிரைவரு சுத்தி வந்து கண்டுபிடிக்கணும்.

நம்ம ஊர்ல அந்தச் செலவே மிச்சம். உன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துனாப் போதும். பின் டயரு மொட்டை. பிரேக்கைப் பிடிச்சா லைட்டு எரியாது, விட்டா எரியும். இடது கண்ணாடி இருந்த இடத்துல போன் மாட்டுற கிளிப்பு. வலது கண்ணாடி உனக்குத் தலை சீவ. கண்டுபிடிக்க வந்தவன் பேப்பர் பத்தலன்னு அடிசனல் ஷீட் கேப்பான்.

நம்ம அரசு பஸ் டிப்போவுலயும் இது இல்லாம இல்ல. ஜனவரியில சாலைப் பாதுகாப்பு மாசம் வந்தா, விபத்தில்லாம ஓட்டுன டிரைவரைக் கூப்பிட்டு மாலை போட்டுச் சான்றிதழ் கொடுப்பாங்க. மறுநாள் காலையில அதே மனுசன் அதே மொட்டை வெயில்ல அதே பஸ்ஸை எடுப்பாரு. யாரும் செல்பி எடுக்க மாட்டான். சரி, அது கிடக்கட்டும்.

டெலிவரிங்கிறதே நீங்க கொண்டுவந்ததுன்னு நெனைக்காத. 1845ல அமெரிக்க மிஷன்காரங்க கொடைக்கானல்ல வீடு கட்டுனப்ப ஏது காட் ரோடு? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புலேருந்து ஒத்தையடிப் பாதை. குதிரை, டோலி, தலைச்சுமை, அவ்வளவுதான். டோலியில பார்சலே துரைதான். அந்தப் பார்சல் வாய் பேசும், வையும், நடுக்காட்டுல காபி கேக்கும். பாதி ஏத்தத்துல கீழ போட்டுட்டு ஓடிறலாம்னு தூக்குனவனுக்குத் தோணாம இருந்திருக்காது. ஆனாலும் கொண்டுபோய் இறக்கியிருக்கான். அந்தப் பழைய பாதையில இருக்கிற வெள்ளகவி ஊருக்கு நெடுங்காலமா அரிசியும் பருப்பும் குதிரை முதுகுலதான் போச்சு. அந்தக் குதிரையைப் பாத்திருக்கியா? வழுக்குற பாறை வந்தா நின்னுரும். குளம்பை வச்சுப் பாத்து, பிடி கிடைச்சாத்தான் அடுத்த காலு. நீ அதட்டு, அடி, அசையாது. அதுக்கு எந்தக் கம்பெனியும் 'தாமதம்'னு மெசேஜ் அனுப்பல, அதான் அதுக்கு அவ்வளவு திமிரு.

இப்ப உன் வண்டிக்கு வருவோம். நான் லாரி ஓட்டுன காலத்துல மன்னவனூர் கேரட்டையும் பூம்பாறைப் பூண்டையும் ஏத்திக்கிட்டு ராத்திரியில ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குவோம். மலை டிரைவருக்கு ஒரே பாடம்: எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு. எஞ்சினு வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். உன் ஸ்கூட்டர்ல கியரே இல்ல. அதனால நீ ஒரு புது வித்தை கண்டுபிடிச்சிருக்க: பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை ஆப் பண்ணிட்டு சும்மா உருட்டிக்கிட்டே இறங்குறது. அடேயப்பா! வெள்ளி அருவிக்கு மேலேருந்து இங்க வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்ல. பிரேக் ஷூ மட்டும் தீயுற வாசம் டீக்கடை வரைக்கும் வருது, மாஸ்டர் பாலு அடிப்பிடிச்சிருச்சோன்னு சட்டியைப் பாக்குறாரு. டிரம்மு சூடேறிருச்சுன்னா நீ லீவரை அமுக்குவ, அது ஹேண்டில் வரைக்கும் மெத்துன்னு வரும், வண்டி நிக்காது. அப்ப உனக்கு முருகன் ஞாபகம் வரும். அவரு இருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம், பழனியில, வர நேரமாகும்.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எஞ்சின் ஓடுனாலும், ஆக்சிலேட்டரைச் சுத்தமா மூடிட்டு ரொம்ப மெதுவா உருண்டா, ஸ்கூட்டர் கிளட்ச்சு விட்டுப் போயிரும், வண்டி தன்னால ஓட ஆரம்பிக்கும். லேசா ஒரு முறுக்குக் கொடுத்தா மறுபடி பிடிச்சுக்கும். பிரேக்கை அமுக்கிக்கிட்டே வராம, பிடிச்சுப் பிடிச்சு விடு. பனி மூடுனா நின்னுரு. டம்டம் பாறை வளைவுல நின்னு ஒரு டீ குடிச்சவன் எவனும் அதனால செத்ததா நான் கேள்விப்படல.

ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி ஒதுங்கி வழி விடணும்னு விதியிலயே இருக்கு. நம்ம ஆளுக அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னா, எவன் ஹாரனு பெரிசோ அவனுக்கு வழி. மே மாசம் பாரு. 2024 மே 7லேருந்து ஹைகோர்ட்டு உத்தரவுல மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் போட்டாங்க. பாஸை வாங்கிக்கிட்டு வர்றவன் வளைவுல நிறுத்தி, கதவைத் திறந்து வச்சு, குரங்குக்குச் சோளம் கொடுத்து, படம் எடுத்து, அதுக்கப்புறம்தான் கிளம்புறான். அவனைக் கட் அடிச்சுத் தாண்டித்தான் நீ அவனுக்கே பிரியாணி கொண்டுபோகணும். சாயந்திரம் ஏரிப் பக்கம் காட்டுமாடு நடு ரோட்டுல நின்னுச்சுன்னா ஹாரன் அடிக்காத. அதுக்கு ஆர்டரும் தெரியாது, அவசரமும் தெரியாது. உன்னை விட எடை அதிகம், அதைப் புரிஞ்சுக்கிட்டா உனக்கு நல்லது.

கணக்கையும் கேளு: 2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல கிட்டத்தட்ட 75,000 பேரு ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. விபத்து எண்ணிக்கையில அந்த வருசம் எந்த மாநிலம் முதலிடம்னு நெனைக்கிற? நம்ம தமிழ்நாடுதான், 64,105. பாத்தியா, போட்டின்னு வந்துட்டா நாம விட்டுக் கொடுக்கிறதே இல்ல.

நீ முறைக்கிறது புரியுது. "தாத்தா, மெதுவாப் போனா காசு வராது"ங்குற. அதுதான்யா நான் கேக்க வந்ததும். போட்டியில ஒருத்தன் கையில விசில் கொடுத்து "பாத்துப் போ"ங்குறாங்க. உன் போன்லயோ ஒரு கடிகாரம் செகப்பாகி "ஓடு ஓடு"ங்குது. நீ எந்த நடுவரு பேச்சைக் கேப்ப? சம்பளம் கொடுக்கிற நடுவரைத்தானே.

அமெரிக்காவுல டாமினோஸ்காரங்க 30 நிமிசத்துல பீட்சா வரும்னு சத்தியம் பண்ணி வித்தாங்க. 1989ல செயின்ட் லூயிஸ் ஊர்ல அவங்க டெலிவரிப் பையன் செகப்பு விளக்கைத் தாண்டிப் போய் ஒரு அம்மா கார்ல மோதிட்டான். வழக்கு நடந்து, 1993ல ஜூரிக்காரங்க 7.8 கோடி டாலருக்கு மேல கொடுன்னாங்க. அந்த வருசமே சத்தியத்தைக் கம்பெனி வாபஸ் வாங்கிருச்சு. எத்தனையோ புத்திமதி சொல்லி நிக்காத வண்டி, ஒரு பில்லைக் கண்டதும் நின்னுச்சு பாரு. இங்கயும் 2025 டிசம்பர் கடைசியில டெலிவரி பசங்க வேலை நிறுத்தம் பண்ணாங்க. அடுத்த மாசமே மத்திய தொழிலாளர் அமைச்சர் கூப்பிட்டுப் பேசுனாரு, ஒரு கம்பெனி 'பத்து நிமிசம்'ங்கிற விளம்பரத்தை எடுத்துச்சு. விளம்பரம் போயிருச்சு. வாங்குறவன் மனசுக்குள்ள இருக்கிற கடிகாரத்தை எந்த அமைச்சரு வந்து எடுக்குறது?

கம்பெனி நடுவுல விதியை மாத்துறதும் நம்ம மலைக்குப் புதுசா என்ன? பழனிக் கதை உனக்குத் தெரியும்ல? உலகத்தைச் சுத்தி வந்தவனுக்கு ஞானப்பழம்னு ஆர்டரு. சின்னவரு மயில்ல ஏறி, எதையும் இடிக்காம, சொன்னபடி சுத்தி முடிச்சுட்டு வந்தாரு. வந்து பாத்தா, அம்மா அப்பாவைச் சுத்துனாலே உலகத்தைச் சுத்துன மாதிரின்னு விதி மாறிப்போச்சு, பழமும் அண்ணன் கையில. மேடையில இருந்து பாக்குறவங்களுக்கு அதுல ஞானம் தெரியும். ராத்திரி பதினோரு ஆர்டரை முடிச்சுட்டு, பன்னெண்டாவது முடிச்சா இன்சென்டிவ்னு காத்திருந்தவனுக்கு, திடீர்னு அது பதினஞ்சுன்னு மாறுனா என்ன தெரியும்? கோவிச்சுக்கிட்டு லாக்-அவுட் பண்ணி மலை மேல ஏறி உக்காந்த மொதல் டெலிவரி ஆளு நம்ம தண்டாயுதபாணிதான். அவருக்கு மட்டும் கோயில் கட்டுனாங்க. நீ ஏறி உக்காந்தா ஐடியை பிளாக் பண்ணுவான்.

அதனால போட்டியை நடத்துங்க, நான் வேண்டாங்கல. ஆனா எல்லாரும் கலந்துக்கணும். மொத ரவுண்டு வாங்குறவங்களுக்கு. வட்டக்கானல் ஹோம்ஸ்டேயில உக்காந்து ராத்திரி ஒன்பதரைக்கு சில்லி பரோட்டா கேக்குற ஆளைக் கூப்பிட்டு எழுத்துப் பரீட்சை வை. கேள்வி ஒண்ணு: வெளிய பனி, ரோட்டுல லைட்டு இல்ல, பையன் இறக்கத்துல வந்துக்கிட்டிருக்கான், "எங்கப்பா இருக்க?"ன்னு நீங்க மூணு தடவை அடிக்கிற போனை அவன் எந்தக் கையால எடுப்பான்? கேள்வி ரெண்டு: பரோட்டா ஆறிப்போனா அதைச் சூடாக்கலாம், வேற எது ஆறிப்போனா சூடாக்க முடியாது? இதுக்குப் பதில் எழுதத் தெரியாதவனுக்கு அன்னைக்கு உப்புமா.

ரெண்டாவது ரவுண்டு கம்பெனிக்கு. ஆபீஸ்ல ஏசியில உக்காந்து இன்னாருக்கு இத்தனை நிமிசம்னு முடிவு பண்ற ஆளை, அவரு போட்ட நிமிசத்துலயே, உன் மொட்டை டயர் வண்டியில, முதுகுல உன் பையை மாட்டி, ஏழு ரோட்டுலேருந்து பள்ளங்கி வரைக்கும் மழையில ஓட்டச் சொல்லு. வழியில நான் எங்க ஊரு காட்டுமாட்டை நிறுத்தி வைக்கிறேன், அது வரச் சம்மதிச்சா. அவரு நேரத்துக்கு வந்து சேந்துட்டாருன்னா தோத்தாரு. லேட்டா வந்தா ஜெயிச்சாரு, மறுநாளே அந்த நிமிசத்தைத் திருத்தணும்.

உனக்குக் கடைசி ரவுண்டுதான். மூஞ்சிக்கல்லுலேருந்து இங்க வரைக்கும் எஞ்சினை ஆப் பண்ணாம, ஹெல்மெட்டு தலையில, பட்டை மாட்டி, போனைப் பையில போட்டுட்டு இறங்கணும். வேகம் யாரு பாக்குறா? டிரம் பக்கத்துல நான் கையைக் கொண்டுபோய்ப் பாப்பேன். சுடாம இருந்தா மெடலு உனக்கு.

நடுவரா நானே வர்றேன், சம்பளம் வேண்டாம். வர்றப்ப கடையிலேருந்து ஒரு டீ மட்டும் வாங்கிட்டு வா. ஆறிப்போயிருந்தாலும் ஒத்த ஸ்டாரு போட மாட்டேன், கவலைப்படாத.