மூன்றும் இல்லாத லேப்டாப்

கேள்வி: அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க், பேட்டரி, சார்ஜர் மூன்றுமே இல்லை. உயிர் பிழைக்குமா?
– கல்லூரி மாணவி, ஹேவ்லாக் தீவு, அந்தமான்

பதில்: பிழைக்கும், சகோதரி! தொலைந்த மூன்றும் கடையில் கிடைப்பவை. மதர்போர்டு தொலைந்திருந்தால்தான் கையை விரித்திருப்பேன்.

மின்சாரம் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கடலோர உப்புக்காற்றுக்கு லேப்டாப் என்றால் கொள்ளைப் பிரியம். செப்புப் பகுதிகளில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து சார்ஜர். எத்தனை வோல்ட் என்று லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 19ஐ ஒட்டி. வோல்ட் மாறவே கூடாது. ஆம்பியர் கூடினால் பாதகமில்லை, குறைந்தால் வம்பு. சார்ஜரின் முனையும் பொருந்த வேண்டும். பேட்டரி இல்லாமலே பல லேப்டாப்புகள் ஓடும்; கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும், அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் வரும்வரை பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்தே இயக்குங்கள். 2 ஜிபி ரேமில் ஓடும் எளிய லினக்ஸ்களும் உண்டு. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி கேபிள் உங்கள் தீவுக்கும் வந்திருக்கிறதே, டவுன்லோடு செய்துகொள்ளலாம். பிறகு சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி வரவழைத்தால் பழைய லேப்டாப் துள்ளி எழும்.

பேட்டரி விஷயம் வேறு. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. போர்ட் பிளேர் கடைகளில் முதலில் விசாரியுங்கள். யாராவது பயன்படுத்தி ஊதிப்போன பேட்டரியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது தீப்பிடிக்கலாம்.