மேகத்துக்குச் சொந்தக்காரர்

சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ வேலை, அது பிழைப்புக்கு. பிறவி எடுத்ததோ மழைக்கு. வீட்டில் குடை கிடையாது. இருந்தாலும் எடுத்துப் போக மாட்டார், அவமரியாதையாம். 2015 டிசம்பர் 1 அன்று இவர் வீட்டுக்குள்ளும்தான் தண்ணீர் புகுந்தது. ஆனால் தேதியைச் சொன்னால் வாயிலிருந்து முதலில் வருவது ‘தாம்பரம் 49 சென்டிமீட்டர்’. 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. கொட்டியபோது தன்னைப் பெற்றுவைக்கவில்லையே என்று பெற்றோர்மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

தெருக்காரர்கள் இவரிடம் கேட்பது இரண்டே கேள்வி. பெரியவர்கள், “நாளைக்கு ரிசப்ஷன், மொட்டைமாடியில பந்தி போடலாமா சார்?” பிள்ளைகள், “அங்கிள், லீவு விடுவாங்களா?” மேல்மட்டக் காற்றில் ஈரப்பதம் எப்படி என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த ஏக்கம் முகத்திலேயே எழுதியிருக்கும்.

நம் நண்பர் இந்த ரகம். ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலையிலேயே போன் செய்து, “வெயில் எப்படிக் கொளுத்துது பாத்தீங்களா!” என்று பூரித்தார். தென்மேற்குப் பருவத்தில் சென்னைப் பக்கத்து இடிமழைக்கு முதலீடே வெயில்தான். பகலெல்லாம் தரை காய வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழைந்து, மேற்கிலிருந்து வரும் காற்றோடு முட்ட வேண்டும். முட்டிய இடத்தில் ஈரக்காற்று மேலே மேலே ஏறி, 15 கிலோமீட்டர் உயரம்கூட மேகம் எழும்பும். பிறகு மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். இத்தனையையும் டி.வி.யில் ‘வெப்பச்சலனம்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்களே என்பது அவருடைய நிரந்தரக் குறை.

“அது சென்னைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல உக்காந்திருக்கறது சோம்பேறித்தனம் சார். நாம எதிர்கொண்டு போய் அழைச்சுக்கிட்டு வரணும்.”

கார் என்னுடையது. பெட்ரோல் என்னுடையது. மேகம் அவருடையது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அவர் வானத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சென்னைத் துறைமுகத்து ரேடார் படம் கைபேசியில் எப்போது மாறும் என்று அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். “மேற்கே கறுத்துக்கிட்டு வருதே” என்றேன். “இருங்க, ரேடார்ல வரட்டும்.” படத்தில் பச்சை தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். மஞ்சளுக்கு முதுகு நிமிரும். சிவப்பு வந்துவிட்டால், “ரைட்ல எடுங்க, ரைட்ல எடுங்க!” ரைட்டில் சென்டர் மீடியன்.

சுங்குவார்சத்திரத்தில் டீ. அரக்கோணத்துக்கு மேலே சிவந்திருந்த ஒன்று அடுத்த படத்தில் மஞ்சளாயிற்று. அதற்கடுத்ததில் ஆளே இல்லை. நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இப்படிப்பட்ட துக்கத்தை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் நான் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். “தெற்கே புதுசா ஒண்ணு கட்டுது, கிளம்புங்க” என்று அவரே தேறி எழுந்தார்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்துச் சாலை. சொர்ணவாரி அறுவடை முடிந்த நேரம். பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று, புழுதியோடு. மழைக்கு முன்னால் மேகம் கீழே தள்ளிவிடும் குளிர்காற்று அது. நண்பர் காரைவிட்டுக் குதித்து, இரண்டு கையையும் விரித்து, “வந்துட்டான்! டைரக்ட் ஹிட்!” என்று கூவினார்.

நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். “ஏம்ப்பா, நெல்லு நனையப் போவுது, இன்னா சிரிக்கற? அந்தத் தார்ப்பாய இழு.”

இழுத்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பளிச்சென்று மின்னியதும் பாயை விட்டுவிட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு…” என்று எண்ணத் தொடங்கினார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. ஒன்பதில் இடித்தது. “மூணு கிலோமீட்டர்!” என்று அறிவித்தார். “எண்ணிக்கினே நிக்காத. கல்ல எடுத்து ஓரத்துல வை” என்றார் அம்மாள். அடுத்தது நான்கில் இடித்தது. மரத்தடிப் பக்கம் ஒதுங்கப் போனவரை நண்பர், “அங்க நிக்காதம்மா, கார்ல ஏறு” என்று விரட்டினார். அன்றைக்கு அவர் இட்ட உத்தரவுகளில் அந்த அம்மாள் மதித்தது அது ஒன்றைத்தான். சொன்னதும் சரிதான். இடி நேரத்தில் மரத்தடியைப் போல ஆபத்தான இடம் குறைவு.

பிறகு கொட்டியது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, முன்னால் பானெட்கூடத் தெரியவில்லை. கூரைத் தகட்டில் மழை அடிக்கிற சத்தத்தில் பேசினால் கேட்காது. இத்தனை தூரம் இதற்காகவே வந்த மனிதர் குனிந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படம் மாறியது. “பாருங்க! கரெக்டா ரெட்டுக்கு நடுவுல இருக்கோம்!”

“இன்னாப்பா அது?” பின்சீட்டிலிருந்து அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“இங்க மழை பெய்யுதுன்னு காட்டுதும்மா.”

“அதான் பெய்யுதே.”

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிவது. மழைப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வரும். திங்கட்கிழமை ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் போன். அந்த வட்டாரத்துக்கு நேரே 2 செ.மீ. என்று போட்டிருந்ததாம்.

“ரெண்டா! குறைஞ்சது ஆறு இருக்கும். நீங்களே சாட்சி. மழைமானி இருக்கற இடத்துல பெய்யல, நாம இருந்த இடத்துலதானே பெஞ்சுது? பிளஸ் டூவுல மார்க் குறைஞ்சா மறுமதிப்பீடு கேக்கறோம்ல?”

விண்ணப்பத்தை எங்கே போடுவது என்று தெரியாததால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தமாக ஒரு மழைமானி வாங்கி, என் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருக்கிறார். அது ஆடக் கூடாதாம். நான்தான் மெதுவாக ஓட்ட வேண்டுமாம்.